நள்ளிரவில் நனையும் உடம்பு

மின்விசிறி நின்றாலும் வியர்க்கும், மாதவிடாய் நின்றாலும் வியர்க்கும். ஆனால் காசநோய் இன்னும் விலகாத நாட்டில், காரணம் தெரியாத இரவு வியர்வையைச் சும்மா விட்டுவிடுவது ஆபத்து.

சென்னையில் மே மாதம் நள்ளிரவில் மின்சாரம் போனால் வீடு மொத்தமும் வியர்வையில் குளிக்கும். அதற்கு டாக்டர் தேவையில்லை. மின்சாரம் வந்தால் போதும். ஆனால் டில்லியின் ஜனவரிக் குளிரில் ரஜாய்க்குள் படுத்திருக்கும் ஒருவர், பின்னிரவில் பனியனைப் பிழியும் அளவுக்கு நனைந்து எழுந்தால் விஷயம் வேறு. உடைமாற்றிக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுவார். காலையில் உடம்பு சில்லென்று இருக்கும். 'காய்ச்சல் வியர்த்து விட்டுவிட்டது' என்று வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். மறுநாள் இரவு மீண்டும் அதே கதை.

அறை வெப்பமாக இல்லை, போர்வையும் அதிகமில்லை. ஆனாலும் உடையையோ படுக்கை விரிப்பையோ மாற்ற வேண்டிய அளவுக்கு வியர்க்கிறது. மருத்துவர்கள் இரவு வியர்வை என்று கவலையோடு குறித்துக்கொள்வது இதைத்தான். கழுத்திலும் நெற்றியிலும் லேசாகக் கசிவது இந்தக் கணக்கில் சேராது.

அப்படிப் பார்த்தாலும் இது அபூர்வமான தொல்லை அல்ல. அமெரிக்காவில் பொது மருத்துவர்களிடம் வந்த 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் விசாரித்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், 41 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் இரவில் வியர்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய நோய் எதுவும் இருந்திருக்காது. ஆனால் அதே வியர்வைதான் காசநோயிலும் வருகிறது, நிணநீர்ப் புற்றுநோயிலும் வருகிறது, சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்போதும் வருகிறது. வியர்வையை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. கூட வருவது என்ன என்பதுதான் முடிவு செய்கிறது.

சிக்கல் அங்கேதான். டாக்டரிடம் போகிறவர்கள் களைப்பைச் சொல்வார்கள், தூக்கமில்லை என்பார்கள், பசி குறைந்துவிட்டது என்பார்கள். இரவில் நனைவதைச் சொல்லத் தோன்றாது. 'உடம்பு சூடு' என்று அவர்களே தீர்ப்பளித்துவிட்டிருப்பார்கள். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் டாக்டருக்கும் அதைக் கேட்க நேரமிருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடத்திய காசநோய்க் கணக்கெடுப்பில், காசநோய் அறிகுறிகள் இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரையும் நாடவில்லை என்று தெரிந்தது. நாடாததற்குப் பெரும்பாலோர் சொன்ன காரணம் பணமோ தூரமோ அல்ல. 'பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை' என்பதுதான்.

வியர்வை வரும் மூன்று வழிகள்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதிதான் உடம்பின் வெப்பத்தை நிர்வகிக்கிறது. ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் என்பது அதன் இலக்கு. வெப்பம் கூடினால் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. போதாவிட்டால் 20 முதல் 40 லட்சம் வரை இருக்கும் வியர்வைச் சுரப்பிகளை இயக்குகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னையிலும் கொல்கத்தாவிலும் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால்தான் எவ்வளவு வியர்த்தாலும் குளிர்ச்சி கிடைப்பதில்லை.

தூங்கும்போது உடம்பின் உள்வெப்பம் ஒரு டிகிரி வரை இறங்குகிறது. விடியலுக்குச் சற்று முன் அது மிகக் குறைவாக இருக்கும். வெப்பத்தை இறக்குவதற்காகத் தூக்கத்தின் தொடக்கத்தில் லேசாக வியர்ப்பது இயல்பே.

இந்த நிர்வாகம் மூன்று விதமாகக் குழம்பலாம். ஒன்று, ஹைபோதலாமஸின் சகிப்பு எல்லை குறுகி, துளி வெப்பத்துக்கும் அது பதறுவது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் நடப்பது இதுதான். இரண்டு, தொற்றினாலோ வேறு நோயினாலோ வெப்ப இலக்கு மாலையில் மேலேறி, பின்னிரவில் பழைய நிலைக்கு இறங்குவது, இதுதான் காய்ச்சல். மூன்று, அட்ரினலின் சுரந்து உடம்பு அபாய அறிவிப்பு செய்வது. சர்க்கரை இறங்கும்போதும் மூச்சு தடைப்படும்போதும் நேர்வது. இவை தவிர, வியர்வையைத் தூண்டும் மருந்துகளும் உண்டு.

முதலில் அறையைப் பாருங்கள்

நோயைத் தேடும் முன் படுக்கையைச் சோதிப்பது நல்லது. இந்திய இரவுகளே சூடாகி வருகின்றன. 2024 ஜூன் 19 அன்று டில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி செல்சியஸ். அப்படிப்பட்ட இரவில் வியர்க்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ரெக்ஸின் உறை போட்ட ஃபோம் மெத்தை, பாலியஸ்டர் நைட்டி, காற்றுப் புகாத கொசுவலை, படுக்கப்போகும் முன் சாப்பிட்ட காரமான பிரியாணி, இரண்டு பெக் மது இவையெல்லாம் வியர்க்க வைக்கும். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கத்தோடும் படபடப்போடும் வியர்வை கொட்டும். அது வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடியதல்ல. வலிப்பு வரை போகலாம். மருத்துவமனைக்குப் போவதே சரி.

ஓர் எளிய கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அதே அறையில் படுத்திருக்கும் மற்றவர்களுக்கும் வியர்க்கிறதா? எல்லோரும் நனைந்தால் குற்றம் அறையுடையது. ஒருவர் மட்டும் தினமும் நனைந்தால் அவரைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளின் விஷயத்தில் அவசரப்பட வேண்டியதில்லை. தூங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் தலையும் பிடரியும் வியர்ப்பது பல குழந்தைகளுக்கு இயல்பு. எடை ஏறாத, விளையாட்டில் சோர்ந்துபோகிற, அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதை ஒட்டி. மேலை நாட்டுப் பெண்களுக்கு அது 51. அதாவது பிள்ளைகளின் பள்ளி இறுதித் தேர்வு, மாமியாரின் முதுமை, அலுவலகத்தில் பொறுப்பு எல்லாம் ஒன்றுசேரும் வயதில் இங்கே மெனோபாஸ் வந்துவிடுகிறது. முகத்திலும் மார்பிலும் திடீரென்று அனல் பரவும்; நெஞ்சு படபடக்கும்; சில நிமிடங்களில் வியர்த்து, பிறகு குளிரும். பகலில் வந்தால் விசிறிக்கொள்ளலாம். இரவில் வந்தால் தூக்கம் போய்விடுகிறது. மறுநாளைய எரிச்சலுக்கும் மறதிக்கும் பாதிக் காரணம் அந்தக் கெட்ட தூக்கம்தான்.

இதன் இயக்கம் இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஹைபோதலாமஸில் உள்ள சில நரம்பணுக்கள் கட்டுப்பாடு இழந்து மிகையாகத் தூண்டப்படுகின்றன. உள்வெப்பம் சிறிது ஏறினாலும் வியர்க்காமல் தாங்கக்கூடிய இடைவெளி அதனால் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. போர்வையைக் கழுத்துவரை இழுப்பதே போதும், உடம்பு முழு வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றத் தொடங்கிவிடும்.

'ஒரு வருஷம் பொறுத்துக்கோ, சரியாயிடும்' என்று பெரியவர்கள் சொல்வதை ஆராய்ச்சி ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வின்படி, அடிக்கடி இப்படி அவதிப்படுபவர்களில் பாதிப்பேருக்கு இது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவ்வளவு காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஹார்மோன் சிகிச்சைதான் மிகவும் பலன் தருவது. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு மார்பகப் புற்றுநோய் அபாயத்தைச் சுட்டிக்காட்டிப் பாதியில் நிறுத்தப்பட்டபின் டாக்டர்களும் நோயாளிகளும் அதைக் கண்டு மிரண்டார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்தவர்கள். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்கும் பெரும்பாலான ஆரோக்கியமான பெண்களுக்கு அபாயத்தைவிட நன்மையே கூடுதல் என்பது பின்னர் வந்த தெளிவு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இது கூடாது.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மாத்திரைகள் குறைந்த அளவில் உதவுகின்றன. அந்த நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி தந்தது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்ற கடும் எச்சரிக்கை 2024-ல் சேர்க்கப்பட்டது. உடல் பருமனைக் குறைப்பது பலன் தரும். கடைகளில் விற்கும் சோயா மாத்திரைகளுக்கும் மூலிகைக் காப்ஸ்யூல்களுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

நாற்பதுக்கு முன்பே இந்த அவதிக்கு ஆளாகும் பெண்களும் இந்தியாவில் உண்டு. கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மற்ற மாநிலங்களைவிட அதிகம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் பலர் இள வயதிலேயே இதற்கு ஆளானது 2019-ல் பெரும் சர்ச்சையானது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டிய மெனோபாஸ் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் சினைப்பைகள் மிஞ்சுமா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 45 வயதுப் பெண்ணுக்கு இரவில் வியர்த்தால் எல்லாமே மெனோபாஸ் ஆகிவிடாது. பகலில் அந்த அனல் பரவுகிறதா, மாதவிடாய் ஒழுங்கு தவறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாமல் எடை குறைந்துகொண்டு வந்தால், 'வயசு அப்படி' என்ற பதிலோடு திருப்தியடையக் கூடாது.

மாலையில் காய்ச்சல், காலையில் நலம்

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் எண்ணிக்கை 2024-ல் 187 ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. முன்னேற்றம்தான். ஆனால் 2025-க்குள் ஒழிப்பது என்று 2018-ல் அறிவித்த இலக்குக்கு இது வெகு தூரம்.

காசநோயைத் தேடும் சுகாதாரப் பணியாளர் கேட்கவேண்டிய முக்கியக் கேள்விகள் நான்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? காய்ச்சலா? எடை குறைகிறதா? இரவில் வியர்க்கிறதா? கடைசிக் கேள்வி வெறும் சம்பிரதாயமல்ல. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் வெளியிடும் ரசாயனங்கள் ஹைபோதலாமஸின் வெப்ப இலக்கை உயர்த்துகின்றன. பகலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இந்த அழற்சியை ஓரளவு அடக்கி வைக்கிறது. மாலையில் அந்த ஹார்மோன் இறங்குகிறது, காய்ச்சல் ஏறுகிறது. பின்னிரவில் இலக்கு மீண்டும் இறங்கும்போது, சேர்ந்த வெப்பத்தையெல்லாம் வியர்வையாகக் கொட்டித் தீர்க்கிறது உடம்பு.

இந்தக் காலக்கணக்குதான் நோயாளியையும் டாக்டரையும் ஒருசேர ஏமாற்றுகிறது. காலை 11 மணிக்கு கிளினிக்கில் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் இருக்காது. வியர்த்து எழுந்தவருக்கு உடம்பு லேசாகத் தெரியும், வேலைக்குப் போய்விடுவார். மாலை ஆறு மணிக்கு யாராவது தெர்மாமீட்டர் வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இதைவிட மோசமான ஏமாற்று மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கும் லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். ஐந்து நாளில் காய்ச்சல் தணியும், வியர்வை நிற்கும், சளிப் பரிசோதனையில்கூடக் கிருமி சிக்காமல் போகலாம். நோய் மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். காய்ச்சலை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் அபாயம்.

இருமல் இல்லையே என்று நிம்மதியடைவதும் தவறு. இந்தியாவில் பதிவாகும் காசநோயில் ஏறக்குறைய கால்வாசி, நுரையீரலுக்கு வெளியே வருவது. நிணநீர்க் கணு, முதுகெலும்பு, குடல், கர்ப்பப்பை, நுரையீரல் உறை என்று எங்கும் அது தங்கும். அவர்களுக்கு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் மட்டுமே தடயம். அறிகுறியே காட்டாத காசநோயும் உண்டு. மேற்சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பிப்போயிருப்பார்கள். வியர்வை இல்லாததால் நோயில்லை என்று ஆகாது; வியர்வை இருந்தும் சோதிக்காமல் விட்டால் அதற்கு மன்னிப்பில்லை.

சோதனை கடினமல்ல. அரசு மருத்துவமனைகளில் மார்பு எக்ஸ்ரேயும், ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவியில் சளிப் பரிசோதனையும் இலவசம். சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை; அதுவும் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆனது.

நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியதே சென்னைதான். 1956-ல் தொடங்கிய மதராஸ் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் வீட்டுச் சிகிச்சையிலும் கிடைக்கிறது, குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் நிரூபித்தது. சேத்துப்பட்டில் உள்ள அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் வியர்வையும் நின்றுவிடும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வியர்வை நின்றதை நோய் நின்றதாக எண்ணி மருந்தை விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியாக அது திரும்பி வரலாம். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது சிறுநீரும் கண்ணீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாக மாறும். பனியனில் அந்தக் கறையைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தக் கூடாது. அது மருந்தின் நிறம்தான்.

கழுத்தில் ஒரு நெறி

இரவு வியர்வையோடு கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலியில்லாத நெறி கட்டினால் இரண்டு சந்தேகங்கள் எழும். ஒன்று நிணநீர்க் கணுக் காசநோய். மற்றது லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடை நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு ஆகிய மூன்றையும் புற்றுநோய் மருத்துவர்கள் 'பி அறிகுறிகள்' என்று தனியாகவே குறித்துக்கொள்கிறார்கள். நோயின் தீவிரத்தைக் கணிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

காசநோய் மலிந்த நாட்டில் நெறியைப் பார்த்தவுடன் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. லிம்ஃபோமாவாக இருந்தால் அந்த மாதங்கள் வீண். ஹாட்ஜ்கின் வகை லிம்ஃபோமா, காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும் புற்றுநோய் என்பதால் இந்த இழப்பு பெரிது. ஊசியால் உறிஞ்சியெடுத்த திசுவோ, தேவைப்பட்டால் முழுக் கணுவோ பரிசோதனைக்குப் போய், முடிவு கையில் வந்தபின் மருந்து தொடங்குவதே முறை.

ஊகத்தின் பேரில் காசநோய் என்று முத்திரை குத்துவதன் விலை தமிழர்களுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் 1917-ல் நோயுற்ற கணித மேதை ராமானுஜன், விட்டுவிட்டு வந்த காய்ச்சலோடு சானடோரியங்களில் காசநோயாளியாக வைக்கப்பட்டார். 1919-ல் நாடு திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். அவருடைய நோய்க் குறிப்புகளை மறுபடி ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர், அது கல்லீரலைத் தாக்கிய அமீபியாசிஸாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 1994-ல் எழுதினார். அந்தக் காலத்திலேயே சிகிச்சை இருந்த நோய் அது.

இதே வரிசையில் வேறு சில தொற்றுகளும் உண்டு. மலேரியாவில் நடுக்கம், காய்ச்சல், வியர்வை என்று முறைவைத்து வரும். மாடு மேய்ப்பவர்களுக்கும் காய்ச்சாத பால் குடிப்பவர்களுக்கும் வரும் புருசெல்லோசிஸில் மூட்டுவலியோடு வியர்வை கொட்டும். ஏற்கெனவே இதய வால்வு பழுதுபட்டவருக்கு விடாத காய்ச்சலும் வியர்வையும் வந்தால் வால்வில் தொற்றா என்று பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. சோதனையையும் தயங்காமல் செய்துகொள்ளலாம். அரசு மையங்களில் அது இலவசம், ரகசியமும் காக்கப்படும்.

சர்க்கரை இறங்கும் இரவு

2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களில் இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இரவு வியர்வையைத் தனிக் கண்ணோடு பார்க்க வேண்டும். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, ஏகாதசிக்கோ ரமலானுக்கோ மருந்தின் அளவை மாற்றாமல் நோன்பு இருந்தாலோ, ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடலாம். உடம்பு அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும். சில்லென்ற வியர்வை, நடுக்கம், படபடப்பு, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள்.

ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். ஆனால் வியர்வையை அந்த மாத்திரை மறைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அதுவாகவே இருக்கலாம்.

வியர்த்து விழித்தவுடன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து நிலையைப் பார்த்து, தேவையானால் மறுபடியும் குடித்து, பின்பு ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். மறுநாளே டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை இறங்கவில்லை, ஆனாலும் தினமும் வியர்க்கிறது என்றால் காசநோய்ச் சோதனை அவசியம். சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு.

தைராய்டு, குறட்டை, மருந்துச் சீட்டு

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வியர்வை, படபடப்பு, எடைக்குறைவு மூன்றும் வரும். ஆனால் காசநோயாளிக்குப் பசி செத்துவிடும். தைராய்டு மிகைச்சுரப்பு உள்ளவர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைப்பார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலெல்லாம் தூக்கம் ஆகியவற்றோடு வியர்த்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். இதைச் சொல்லக்கூடியவர் பக்கத்தில் படுப்பவர் மட்டுமே. டாக்டரிடம் அவரும் உடன் போவது நல்லது.

மருந்துச் சீட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வியர்வை கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி ஆகியவையும் மெனோபாஸ் போன்ற அனலையும் வியர்வையையும் உண்டாக்கும், ஆண்களுக்கும்தான். எந்த மருந்தையும் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

ஏழு இரவுக் கணக்கு

தேடல் தொடங்க விலையுயர்ந்த ஸ்கேன் தேவையில்லை. ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் போதும். ஏழு நாட்களுக்கு மாலை ஆறு மணிக்கும் இரவு படுக்கும் முன்பும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். எத்தனை மணிக்கு வியர்த்தது, உடை மாற்றினாரா, அன்று என்ன சாப்பிட்டார், குடித்தாரா, எந்த மாத்திரை எப்போது, பெண்களானால் மாதவிடாய்த் தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். முதல் நாளும் ஏழாம் நாளும் ஒரே எடைக் கருவியில் எடை பார்க்க வேண்டும். இந்த நாட்களில் காய்ச்சல் மாத்திரையைத் தவிர்த்தால் கணக்கு சரியாக வரும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கும்போது வரும் வியர்வை, நோயின் வியர்வையைப் போலவே இருக்கும்.

இந்த ஒரு பக்கக் குறிப்பு டாக்டரின் மேஜையில் பத்துக் கேள்விகளின் வேலையைச் செய்யும். அதன்பிறகு அவர் பெரும்பாலும் எழுதுவது முழு ரத்தப் பரிசோதனை, ஈ.எஸ்.ஆர்., சர்க்கரை, தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, சளி, எச்.ஐ.வி. ஆகியவைதான். பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்து, எடையும் குறையாமல், காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

அதுவரை படுக்கையைத் திருத்திக்கொள்ளலாம். பருத்தி உடை, பருத்தி விரிப்பு, மெத்தைக்குமேல் கோரைப்பாய், ஒரே கனமான போர்வைக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வைகள், தலைமாட்டில் மாற்று உடையும் தண்ணீர்ச் செம்பும் இருந்தால் பாதித் தூக்கமாவது மிஞ்சும். காபி, மது, காரம் மூன்றையும் மாலையோடு நிறுத்துவது நல்லது. வியர்க்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைப்பது தவறு.

எப்போது டாக்டரிடம்?

உடனே, அந்த இரவிலேயே: நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடை வலி, மூச்சுத் திணறலோடு சில்லென்ற வியர்வை (மாரடைப்பாக இருக்கலாம்); சர்க்கரை மருந்து சாப்பிடுபவருக்கு வியர்வையோடு குழப்பமோ மயக்கமோ; குடியை நிறுத்தியவருக்கு நடுக்கமும் பிதற்றலும்.

ஓரிரு நாட்களுக்குள்: வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடைக்குறைவு, கழுத்து, அக்குள், இடுப்பில் நெறி, வீட்டில் யாருக்காவது காசநோய்.

இரண்டு மூன்று வாரம் கவனித்துவிட்டு: வேறு எந்தத் தொல்லையும் இல்லாமல், அறையைக் குளிர்வித்த பிறகும் தொடரும் வியர்வை, தூக்கத்தைக் கெடுக்கும் மெனோபாஸ் அனல், புது மாத்திரை தொடங்கியபின் வந்த வியர்வை.

இரவில் நனைகிறது என்று யாராவது சொன்னால் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'சாயங்காலம் காய்ச்சல் பார்த்தாயா?' ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடிய நோய், கேட்க ஆளில்லாமல் முற்றிப்போகக் கூடாது.